எலும்புக்குள் ஓர் அமானிதம்

பெருநாள் விருந்தில் நல்லி எலும்பு தம் தட்டில் விழுந்துவிட்டால், அதைத் தட்டி உறிஞ்சி மகிழாத பிள்ளைகள் நம் இல்லங்களில் உண்டோ? அந்த எலும்புக் குழலிலிருந்து வழுக்கிக்கொண்டு வரும் பொருளை நாம் சுவைக்கிறோம். அது எதற்காக அங்கே வைக்கப்பட்டது என்று ஒரு கணமேனும் சிந்தித்திருக்கிறோமா?

நம் எலும்புகளுக்குள்ளும் அத்தகைய மஜ்ஜை உண்டு. வயது வந்தவர்களின் கை, கால்களில் உள்ள நீண்ட எலும்புகளில் அது பெரும்பாலும் மஞ்சள் நிறக் கொழுப்பாகவே இருக்கும். ஆனால் இடுப்பெலும்பிலும், மார்பெலும்பிலும், விலா எலும்புகளிலும், முதுகெலும்புக் கணுக்களிலும் அது செந்நிறத்தோடு விளங்குகிறது. அந்தச் செம்மஜ்ஜைதான் நம் உடலின் இரத்தம் பிறக்கும் ஊற்று. இரத்தச் சிவப்பணு ஒன்றின் ஆயுள் ஏறத்தாழ 120 நாட்கள். இரத்தத்தை உறையச் செய்யும் தட்டணுக்களோ ஒரு வாரம் பத்து நாட்களில் மடிந்துவிடுகின்றன. மடிந்தவற்றுக்கு ஈடாக நாள்தோறும் சுமார் 20,000 கோடிச் சிவப்பணுக்களை இம்மஜ்ஜை உண்டாக்கிக் கொண்டே இருக்கிறது. நாம் உறங்கும்போதும், தொழும்போதும், நோன்பிருக்கும்போதும் அந்த வேலை ஒரு கணமும் நிற்பதில்லை.

இத்தனை கோடி அணுக்களுக்கும் தாயாக இருப்பவை மிகச் சிலவே. வாழையின் குருத்திலிருந்து இலைகள் ஒன்றன்பின் ஒன்றாக விரிவதைப் போல, ஒரு வகை மூல உயிரணுவிலிருந்தே எல்லா இரத்த அணுக்களும் கிளைக்கின்றன. ஆங்கில மருத்துவர்கள் ஸ்டெம் செல் என்று சொல்லும் இதனைத் தமிழில் குருத்தணு என்கிறோம். வயது வந்த ஒருவரின் உடலில் இரத்தத்தைத் தொடர்ந்து ஆக்கிக்கொண்டிருக்கும் குருத்தணுக்கள் 50,000 முதல் 2 இலட்சம் வரையே இருக்கலாம் என்று 2018-ல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. ஒரு சிறு நகரத்தின் மக்கள் தொகைக்கும் மேற்படாத அணுக்களைக் கொண்டு, ஓர் ஆயுள் முழுவதற்கும் வேண்டிய குருதியை வழங்கும் ஏற்பாட்டை என்னென்பது! படைத்தவனின் வல்லமையை எண்ணி வியந்து, சுப்ஹானல்லாஹ் என்று கூறுவதைத் தவிர வேறென்ன செய்ய இயலும்?

ஆராய்ச்சி வளர்ந்த வரலாறு

இந்த அறிவு எளிதில் வந்ததன்று. 1945-ல் ஹிரோஷிமாவிலும் நாகசாகியிலும் அணுகுண்டு வீசப்பட்டபோது, தீயில் கருகாமல் தப்பிய பலரும் சில வாரங்களுக்குள் இரத்தம் கசிந்தும், நோய்க் கிருமிகளை எதிர்க்கும் வலிவு இழந்தும் மாண்டனர். கதிர்வீச்சு அவர்களுடைய மஜ்ஜையை அழித்துவிட்டிருந்தது. மனிதன் மனிதனுக்கு இழைத்த அந்தக் கொடுமையே, அழிந்த மஜ்ஜையை மீட்க முடியுமா என்னும் கேள்வியை விஞ்ஞானிகளின் உள்ளத்தில் எழுப்பியது.

1949-ல் அமெரிக்காவின் லியான் ஜேக்கப்சன் என்பார், சுண்டெலிகளின் மண்ணீரலை ஈயத் தகட்டால் மறைத்துவிட்டுக் கதிர்வீச்சைச் செலுத்தினார். எலிகள் பிழைத்தன. எலிகளுக்கு மண்ணீரலிலும் இரத்தம் உற்பத்தியாவதே அதற்குக் காரணம். 1957-ல் டொனால் தாமஸ் என்னும் மருத்துவர், மனிதர்களுக்கு மஜ்ஜையைச் சிரை வழியாகச் செலுத்திய தமது முதல் முயற்சியை வெளியிட்டார். அந்த நோயாளிகளில் ஒருவரும் நெடுநாள் வாழவில்லை. 1960-களில் பலர் இது வீண் வேலை என்று கைவிட்டனர். தாமஸோ, தம் மனைவி டாரதியின் துணையோடு, நாய்களில் பல்லாண்டு காலம் சோதனை நடத்திப் பொறுமையோடு தொடர்ந்தார். 1990-ல் அவருக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது.

கனடாவின் டொராண்டோ நகரில் ஜேம்ஸ் டில், எர்னஸ்ட் மெக்கல்லக் என்னும் இருவர், கதிர்வீச்சுக்கு ஆளான எலிகளுக்கு மஜ்ஜை அணுக்களைச் செலுத்தி ஆராய்ந்து கொண்டிருந்தனர். பத்து நாட்கள் கழித்து அவ்வெலிகளின் மண்ணீரலில் சிறு சிறு முடிச்சுகள் தோன்றியிருக்கக் கண்டனர். எவ்வளவு அணுக்களைச் செலுத்தினார்களோ அதற்கேற்றவாறே முடிச்சுகளின் எண்ணிக்கையும் இருந்தது. 1961-ல் இதனை வெளியிட்டனர். ஒவ்வொரு முடிச்சும் ஒரே ஓர் அணுவிலிருந்து முளைத்ததே என்பது 1963-ல் உறுதியாயிற்று. குருத்தணு என ஒன்று உண்டு என்பதற்குக் கிடைத்த முதல் தெளிவான சான்று அது.

நம் நாட்டில் 1983-ல் பம்பாய் டாட்டா நினைவு மருத்துவமனையிலும், 1986-ல் நம் வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை தொடங்கிற்று. உலகம் முழுவதிலும் நடந்த இத்தகைய சிகிச்சைகளின் எண்ணிக்கை 2012 டிசம்பரில் 10 இலட்சத்தை எட்டியது. இரத்தப் புற்றுநோய், தலசீமியா, மஜ்ஜை வற்றிப்போகும் நோய் ஆகியவற்றால் மரணத்தின் வாசலில் நின்ற பலர் இதனால் மீண்டிருக்கின்றனர். எல்லோரும் பிழைத்துவிடுவதில்லை, புதிய மஜ்ஜை நோயாளியின் உடலையே அந்நியமாகக் கருதித் தாக்குவதும் உண்டு. என்றாலும், வேறு வழியே இல்லாதவர்களுக்கு இது ஒரு வழி.

மார்க்கம் இதற்கு இடம் தருகிறதா?

"ஸ்டெம் செல்" என்ற சொல்லைக் கேட்டதுமே நம்மவரில் சிலர் முகம் சுளிக்கின்றனர். கருவைச் சிதைத்து எடுக்கும் அணுவன்றோ அது என்று ஐயுறுகின்றனர். அந்த ஐயம் வேறொரு பொருளைப் பற்றியது. 1998-ல் அமெரிக்காவில் மனிதக் கருவின் தொடக்க நிலையிலிருந்து குருத்தணுக்கள் பிரித்தெடுக்கப்பட்டன. அதன் நன்மை தீமை குறித்து எல்லாச் சமயத்தாரும் விவாதித்து வருகின்றனர். நாம் இங்கே பேசுவது, உயிரோடு நடமாடும் மனிதர் தம் முழுச் சம்மதத்தோடு தரும் மஜ்ஜையைப் பற்றி. இதில் எந்தக் கருவும் அழிவதில்லை. இவ்விரண்டையும் ஒன்றெனக் குழப்பிக்கொண்டு, ஆகுமான ஒன்றை ஆகாததென ஒதுக்குவது அறிவுடைமை ஆகாது.

இரண்டாவது ஐயம் கனமானது. "இந்த உடல் இறைவன் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். அதிலிருந்து எடுத்துக் கொடுக்க நமக்கு உரிமை ஏது?" என்று கேட்போர் உண்டு. இது இறையச்சத்திலிருந்து எழும் கேள்வி. ஆகவே அதனை மரியாதையோடு அணுக வேண்டும்.

இஸ்லாமிய நாடுகள் அமைப்பின் கீழ் இயங்கும் சர்வதேச ஃபிக்ஹு அகாடமி, 1988 பிப்ரவரியில் ஜித்தாவில் கூடி இதனை ஆராய்ந்தது. இரத்தம், தோல் போலத் தானே மீண்டும் உண்டாகக் கூடியவற்றை ஒருவர் உடலிலிருந்து மற்றவருக்குத் தருவது ஆகும் எனவும், தருபவர் தாமே முடிவு செய்யத்தக்க முழுத் தகுதி உடையவராய் இருத்தல் வேண்டும் எனவும், மனித உறுப்பை விலைக்கு விற்பது கூடாது எனவும் முடிவு கூறியது. மக்காவில் 2003 டிசம்பரில் கூடிய ராபிதாவின் ஃபிக்ஹு மன்றமோ குருத்தணுக்களைப் பற்றியே தீர்மானம் இயற்றிற்று. வயது வந்தவரிடமிருந்து, அவருக்குத் தீங்கு நேராத வகையில், அவர் சம்மதத்தோடு எடுப்பதற்கு அது இடமளித்தது. சிறுவரிடமிருந்து எடுப்பதாயின் பாதுகாவலரின் சம்மதம் வேண்டும் என்றது. கருவை வேண்டுமென்றே கலைத்து எடுப்பதை அது விலக்கிற்று.

சிறுநீரகம் போன்றவற்றையும், மரணத்துக்குப் பின் உறுப்புகளைத் தருவதையும் குறித்து உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அந்த விவாதத்துள் நாம் நுழையவில்லை. மஜ்ஜையின் நிலை வேறு. எடுத்த அளவு நான்கு முதல் ஆறு வாரங்களுக்குள் மீண்டும் ஊறிவிடுகிறது. கிணற்றில் ஒரு குடம் மொண்டால் கிணறு வற்றிப் போவதில்லையே! உங்களுக்கு ஐயம் எஞ்சியிருப்பின் உங்கள் ஊர் ஆலிமிடம் சென்று, மேற்சொன்ன விவரங்களைத் தெளிவாக எடுத்துரைத்துக் கேளுங்கள். விவரம் அறியாமல் கேட்ட கேள்விக்கு விவரமான விடை கிடைப்பதில்லை.

நம் பெண்மக்கள் கேட்கும் ஐயம் மற்றொன்று. "அந்நிய ஆடவரின் மஜ்ஜை ஒரு பெண்ணின் உடலில் ஓடினால் உறவு முறை மாறிவிடாதா?" என்கின்றனர். சிகிச்சைக்குப் பின் நோயாளியின் இரத்தப் பிரிவு தந்தவரின் பிரிவாக மாறுவது உண்மைதான். எனினும் பால்குடியால் உண்டாகும் உறவு இரத்தம் செலுத்துவதால் உண்டாவதில்லை என்பது மார்க்க அறிஞர்களின் முடிவு. மஜ்ஜை இரத்தத்தை ஆக்குவதே அன்றிச் சந்ததிக்கான வித்தணுக்களை ஆக்குவதில்லை. எனவே வம்சமும் மாறுவதில்லை.

பொருத்தம் என்னும் வாயில்

இரத்தம் தருவது போல இதனை எவரும் எவருக்கும் தந்துவிட முடியாது. இங்கே பார்க்கப்படுவது திசுப் பொருத்தம். 1958-ல் பிரெஞ்சு மருத்துவர் ழான் டொசே இவ்வகை அடையாளங்களில் முதலாவதைக் கண்டறிந்தார். 1980-ல் நோபல் பரிசைப் பகிர்ந்து பெற்றார். இவ்வடையாளங்களில் பாதி தந்தையிடமிருந்தும் பாதி தாயிடமிருந்தும் வருகின்றன. ஆகவே உடன்பிறந்த ஒருவர் முழுமையாகப் பொருந்தும் வாய்ப்பு நான்கில் ஒன்றே. உடன்பிறந்தார் மூவர் இருந்தும் ஒருவருமே பொருந்தாமற் போகும் வாய்ப்பு 100-க்கு 42. பாதிப் பொருத்தமே உடைய பெற்றோரிடமிருந்தோ பிள்ளைகளிடமிருந்தோ பெற்றுச் சிகிச்சை செய்யும் முறை இன்று வளர்ந்திருக்கிறது. ஆயினும் முழுப் பொருத்தத்தைத் தேடும் குடும்பங்களின் தவிப்பு தீர்ந்துவிடவில்லை.

லண்டனில் ஷர்லி நோலன் என்னும் தாய்க்கு இந்தத் தவிப்பு நேர்ந்தது. அவருடைய மகன் ஆந்தனி, நோய் எதிர்ப்பு வலிமை குன்றிய ஓர் அரிய பரம்பரை நோயோடு பிறந்தவன். குடும்பத்தில் எவரும் பொருந்தவில்லை. முன்பின் அறியாதார் எவரேனும் தர முன்வருவரோ என்று தேடி, 1974-ல் அத்தாய் கொடையாளர் பதிவேடு ஒன்றைத் தொடங்கினார். ஆயிரக்கணக்கானோர் பெயர் கொடுத்தனர். பொருத்தமான ஒருவர் கிடைக்கவில்லை. 1979-ல் அச்சிறுவன் இறந்துபோனான். மகன் போன பின்னும் அந்தப் பதிவேடு மூடப்படவில்லை. இன்றும் அவன் பெயராலேயே இயங்கி, பிறர் பிள்ளைகளுக்கு மஜ்ஜை தேடித் தந்துகொண்டிருக்கிறது. தன் பிள்ளைக்குக் கிட்டாதது பிறர் பிள்ளைக்கேனும் கிட்டட்டும் என்று எண்ணிய அந்தத் தாயுள்ளத்தை நினைத்துப் பாருங்கள்!

இன்று உலகப் பதிவேடுகளில் 4 கோடிக்கும் மேற்பட்டோர் இருக்கின்றனர். நம் சென்னையிலும் 2009 முதல் தாத்ரி என்னும் பதிவேடு இயங்கி வருகிறது. ஆயினும் திசு அடையாளங்கள் பரம்பரை வழி வருவன ஆதலால், ஒரு தமிழருக்குப் பொருந்துபவர் தமிழகத்திலோ அதன் அண்டையிலோ கிடைக்கும் வாய்ப்பே மிகுதி. நம் நாட்டின் மக்கள் தொகையை நோக்க, பதிந்திருப்போர் மிகச் சிலர். திசு அடையாளம் சமயத்தை அறியாது. காயல்பட்டினத்துப் பிள்ளைக்குப் பொருந்துபவர் கும்பகோணத்து இந்துவாக இருக்கலாம். நாகர்கோவில் கிறிஸ்தவப் பெண்ணுக்குப் பொருந்துபவர் மேலப்பாளையத்து முஸ்லிமாக இருக்கலாம். நமக்குத் தேவை வரும்போது பிறர் தருவர் என்று காத்திருந்து, நம் பெயரை மட்டும் பதியாமல் இருப்பது நீதியாகுமா?

வாக்கு என்னும் கடன்

இதுவரை சொன்னவை முன்னுரையே. உங்களிடம் முறையிட விரும்புவது இனிமேல்தான்.

பெயர் பதிவது எளிது. கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் தடவிக் கொடுத்தால் போதும். பெயர் பதிந்தோரில் பெரும்பாலோருக்கு ஆயுள் முழுவதும் அழைப்பே வருவதில்லை. வருமாயின் பல ஆண்டுகள் கழித்தும் வரலாம். அந்த நாளில்தான் சோதனை. கல்லூரியில் நண்பர்களோடு சேர்ந்து உற்சாகமாகப் பெயர் கொடுத்த இளைஞன் வீட்டில் வந்து சொன்னதும், "யாரோ முகம் தெரியாதவருக்காக நீ ஏன் ஊசி குத்திக்கொள்ள வேண்டும்?" என்று தாய் அழுகிறாள். "முதுகெலும்பில் துளையிட்டு எடுப்பார்கள்; கால் விளங்காமல் போய்விடும்" என்று பக்கத்து வீட்டார் பயமுறுத்துகின்றனர். பெண்ணாக இருப்பின், "நாளை நிக்காஹ் பேச வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள்?" என்கின்றனர். அவ்வளவுதான், கொடுத்த வாக்கு காற்றில் போய்விடுகிறது.

உண்மை என்ன? இன்று பெரும்பாலான கொடைகள் இரத்தத்திலிருந்தே எடுக்கப்படுகின்றன. நான்கைந்து நாட்கள் ஊசி மருந்து செலுத்தி, குருத்தணுக்களை மஜ்ஜையிலிருந்து இரத்தத்துக்கு வரச் செய்கின்றனர். பின்னர் ஒரு கையிலிருந்து இரத்தத்தை ஓர் இயந்திரத்தின் வழியே செலுத்தி, குருத்தணுக்களை மட்டும் பிரித்துக்கொண்டு, மறு கையில் திருப்பிச் செலுத்துகின்றனர். சில மணி நேரத்தில் முடிந்துவிடும். மற்றொரு முறையில், மயக்க மருந்து கொடுத்து இடுப்பெலும்பிலிருந்து ஊசியால் எடுக்கின்றனர். முதுகுத் தண்டை எவரும் தொடுவதில்லை. எலும்பு வலி, தலைவலி, சோர்வு ஆகியன சில நாட்கள் இருக்கலாம். பெருந்தீங்கு நேர்வது மிக அரிது. அறவே இல்லையெனச் சொல்வது நேர்மையாகாது. மருத்துவர்கள் முன்கூட்டியே உடலைப் பரிசோதித்து, சிறிது ஐயம் இருந்தாலும் விலக்கிவிடுகின்றனர்.

மறுபுறத்தில் நடப்பதையும் பாருங்கள். கொடையாளர் கிடைத்துவிட்டார் என்னும் செய்தி வந்த வீட்டில் அன்று ஷுக்ருடைய தொழுகை நடந்திருக்கும். அல்லது கோயில் விளக்கோ, மாதா கோயில் மெழுகுவர்த்தியோ ஏற்றப்பட்டிருக்கும். சிகிச்சைக்கு முந்திய நாட்களில் கடும் மருந்துகளாலும், சிலருக்குக் கதிர்வீச்சாலும் நோயாளியின் சொந்த மஜ்ஜை முற்றிலும் அழிக்கப்படுகிறது. அதன்பின் அவருக்குத் திரும்பிச் செல்ல வழியில்லை. அந்த நேரத்தில் கொடையாளர் பின்வாங்கினால், அணையைத் திறந்துவிட்டுப் படகை அவிழ்த்துக்கொண்டு போனவர் கதைதான். மருத்துவ விதிகளின்படி எந்த நிமிடத்திலும் மறுப்பதற்குக் கொடையாளருக்கு உரிமை உண்டு. எவரையும் கட்டாயப்படுத்த முடியாது; கட்டாயப்படுத்தவும் கூடாது. ஆனால் சட்டம் தரும் உரிமை ஒன்று. அல்லாஹ்வின் முன்னிலையில் நாம் சொல்ல வேண்டிய பதில் மற்றொன்று.

வாக்கு மீறுவதும், அமானிதத்தில் மோசம் செய்வதும் நயவஞ்சகத்தின் அடையாளங்கள் என நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்திருப்பதை எத்தனையோ ஜும்ஆக்களில் கேட்டிருக்கிறோம். கடன் வாங்கிய பணத்துக்கும், அடகு வைத்த நகைக்கும் மட்டுமா அந்த எச்சரிக்கை? ஓர் உயிரை வாழ வைப்பதன் மேன்மையைத் திருக்குர்ஆனின் மாயிதா அத்தியாயம் எவ்வளவு உயர்த்திப் பேசுகிறது என்பதையும் நாம் அறிவோம். "உடல் அமானிதம்; ஆகவே தரமாட்டேன்" என்பவரை நான் குறை கூறவில்லை. "தருகிறேன்" என்று கையெழுத்திட்டவரிடம் அதே உடலில் வேறொருவரின் அமானிதமும் சேர்ந்துவிடுகிறது என்பதே என் வாதம்.

ஆகவே, உறுதி இல்லாதவர் பெயர் கொடுக்க வேண்டாம். அதில் பழி ஒன்றுமில்லை. பெயர் கொடுக்க எண்ணுபவர் முதலில் தாய் தந்தையரிடமும், மணமானவராயின் துணைவரிடமும் பேசட்டும். அழைப்பு வரும் நாளில் வீட்டில் எழக்கூடிய கேள்விகளுக்கு இன்றே விடை காணட்டும். முடியாதென்றால் தொடக்கத்திலேயே சொல்லிவிடட்டும். பதிவேட்டில் நூறு பெயர் கூடுவதைவிட, மாறாத பத்துப் பெயர் கூடுவது மேல்.

ஏமாற்றுக்காரர் எச்சரிக்கை

இந்த நல்ல ஆராய்ச்சியின் பெயரால் கடை விரித்திருப்போரும் உளர். சர்க்கரை நோய், வாதம், ஆட்டிசம் என எதற்கும் ஸ்டெம் செல் ஊசி என்று விளம்பரம் செய்து இலட்சக்கணக்கில் பறிக்கின்றனர். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல், இரத்தம் ஆக்கும் குருத்தணுக்களை அங்கீகரிக்கப்பட்ட நோய்களுக்குச் செலுத்துவது தவிர்ந்த ஏனைய யாவும் இன்னும் ஆராய்ச்சியே என்று தெளிவாகக் கூறுகிறது. ஆராய்ச்சியில் சேர்பவரிடம் பணம் கேட்பது முறையன்று. ஊசிக்கு விலை சொல்லுகிறவரிடம் மனைவியின் நகையை விற்றுக் கொடுக்காதீர்கள்.

தலசீமியா பற்றியும் ஒரு சொல். கணவன் மனைவி இருவரும் வெளித் தெரியாமல் அதன் கூறைச் சுமப்பவராயின், ஒவ்வொரு பிள்ளைக்கும் அந்நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. நெருங்கிய சொந்தத்துக்குள் பெண் கொடுத்து எடுக்கும் குடும்பங்களில் அத்தகைய இருவர் சேரும் வாய்ப்பு கூடும். மஹர் பேசும் நாளுக்கு முன்பே ஓர் இரத்தப் பரிசோதனை செய்துகொண்டால் பின்னால் கண்ணீர் வடிக்க வேண்டியதில்லை. கொடையாளரின் மஜ்ஜை இல்லாமல், நோயாளியின் சொந்தக் குருத்தணுக்களையே திருத்திச் செலுத்தும் சிகிச்சைக்கு 2023 நவம்பரில் பிரிட்டன் முதன்முதலாக அனுமதி அளித்தது. அமெரிக்காவில் அதற்கு வைத்த விலை 22 இலட்சம் டாலர். ஏழைக்கு அது எட்டும் நாள் வரும்வரை, மனிதருக்கு மனிதர் தரும் மஜ்ஜையே துணை.

அன்பர்களே! ஜமாஅத் தலைவர்களும் இமாம்களும் இதனை ஒரு ஜும்ஆவிலேனும் எடுத்துரைக்கலாகாதா? பள்ளி வளாகத்திலேயே மருத்துவர் ஒருவரை அழைத்து, பெண்களுக்குத் தனியாகவும் ஆண்களுக்குத் தனியாகவும் விளக்கச் செய்யலாகாதா? இக்கொடைக்கு விலை இல்லை. யாருக்குப் போகிறது என்று கொடுக்கும் வேளையில் தருபவருக்குச் சொல்லப்படுவதும் இல்லை. வலக்கரம் கொடுப்பதை இடக்கரம் அறியாத சதக்கா என்று நாம் போற்றுவதற்கு இதைவிடப் பொருத்தமான ஒன்று உண்டோ?

அடுத்த பெருநாளில் நல்லி எலும்பு உங்கள் தட்டில் விழும்போது இதனை நினைவுகூருங்கள். நம் எலும்புக்குள் ஊற்றெடுக்கும் இந்த அருட்கொடையில் ஒரு குடம், எங்கோ ஒரு வீட்டில் தாகித்திருக்கும் உயிருக்கு உரியதாக இருக்கலாம். கொடுக்கும் மனத்தையும், கொடுத்த சொல்லைக் காக்கும் உறுதியையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.